மோரில் அடங்காத சூடு

ஆசிரியருக்கு,

காசிமேடு மீன் சந்தையில் விடியற்காலைக் கடல்காற்றிலும் சில பெண்கள் முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டிருப்பார்கள். ஐம்பதை ஒட்டிய வயது. கேட்டால், "உடம்புச் சூடு, மோர் குடிச்சா சரியாயிடும்" என்பார்கள். மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் வரும் கொதிப்பும் இரவு வியர்வையும் மோரில் எங்கே அடங்கும்?

இதற்கு ஹார்மோன் மருந்து உண்டு. ஆனால் 2002-ல் இந்த மருந்தைப் பற்றிய அமெரிக்க ஆய்வொன்று பாதியில் நிறுத்தப்பட்டதும் கிளம்பிய மார்பகப் புற்றுநோய் பயம் இன்னும் போகவில்லை. அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. இதை யாரும் சொல்வதில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் மருந்தைத் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுக்குப் பொதுவாக நன்மையே அதிகம் என்கிறார்கள் மருத்துவர்கள். கர்ப்பப்பை உள்ளவர்கள் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்து எடுக்க வேண்டும். மார்பகப் புற்றோ, ரத்தக்குழாயில் ரத்தக்கட்டோ வந்தவர்களுக்குப் பொதுவாக ஆகாது. ஆகவே பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டைக் காட்டி வாங்கும் பழக்கம் இதில் வேண்டாம்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் இதையும் ஒரு வார்த்தை கேட்கட்டும். அப்புறம், தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்துச் சுகாதார நிலையங்களில் வாரம் ஒரு பிற்பகலாவது பெண் மருத்துவரும் தனி அறையும் வேண்டும். வரிசையில் நாலு பேர் காதுபட இதையெல்லாம் எந்த அம்மா சொல்லுவார்?

- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை