மஞ்சள் அங்கிப் பொடியன்மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் தங்கள் பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில், கீழ் மூலையில், நான்கு வரிச் செய்தி ஒன்று வந்திருந்தது. வளைகுடா நாடொன்றிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் புறப்பட இருந்த விமானத்தின் கதவு, கட்டடத்திலிருந்து பயணிகள் நடந்து ஏறும் ஏறுபாலத்தில் சிக்கிச் சேதமடைந்தது, பயணிகள் அவதிப்பட்டனர், ஊழியர் ஒருவரின் கவனயீனமே காரணம் என்று அதில் இருந்தது. மகனைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த நான் அந்த விமானத்தில் ஏற வரிசையில் நின்றவன். 1984 முதல் 2003 வரை பத்தொன்பது வருடம், இன்னொரு வளைகுடா விமான நிலையத்தில், விமானத்துக்குக் கீழே நின்று வேலை செய்தவனும்கூட. அந்தக் கடைசி வரியை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நடந்தது இதுதான். பாதிப் பேர் உள்ளே போய்விட்டார்கள். நான் ஏறுபாலத்தின் நடுவில் நிற்கிறேன். முன்னால் இரும்பு முனகுவது போல ஒரு சத்தம் கேட்டது. விமானப் பணிப்பெண் கையைக் காட்டிக் கத்தினாள். எட்டிப் பார்த்தால் திறந்திருந்த கதவின் கீழ் விளிம்பு பாலத்தின் தரையில் குந்தியிருந்தது. கதவைத் தாங்கும் கை வளைந்துவிட்டது. எல்லோரையும் இறக்கினார்கள். ஒன்பது மணித்தியாலம் கழித்து வேறு விமானத்தில் வந்து சேர்ந்தோம்.

நிலத்தில் நிற்கும் விமானம் அசையாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது அசைந்துகொண்டேதான் இருக்கும். எரிபொருள் ஏற, பெட்டிகள் ஏற, ஆட்கள் ஏற, சக்கரக் கால்களில் உள்ள தாங்கிகள் அமுங்கி உடல் சில அங்குலம் பதியும். பாரம் இறங்கினால் மேலே கிளம்பும். ஒட்டி நிற்கும் பாலமும் கூடவே இறங்கி ஏற வேண்டும். அதற்கென்று பாலத்தின் முகப்பில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. அது விமானத்தின் உடலைத் தொட்டுக்கொண்டு நிற்கும். உடல் பதிந்தால் சக்கரம் உருளும். உருண்ட அளவுக்குப் பாலம் தானாகவே இறங்கும். 'ஓட்டோ லெவலர்' என்போம். அது தவறினாலும் காப்பாற்ற, கதவுக்கு அடியில் 'சேஃப்டி ஷூ' என்று ஒரு சாமான் வைப்போம். கதவு அதில் பட்டவுடன் எச்சரிக்கை ஒலிக்கும், பாலம் கீழிறங்கும். கோடிக்கணக்கில் விலை போகும் விமானத்தின் கதவை அந்த இரண்டு சின்னச் சாமான்களும்தான் காக்கின்றன. அன்றைக்கு இரண்டுமே வேலை செய்யவில்லை.

பாலத்தின் இயக்குபலகைக்குப் பக்கத்தில் மஞ்சள் அங்கி போட்ட ஒரு பொடியன் நின்றான். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். போகிற வருகிற எல்லோரும் அவனை ஏசினார்கள். தூங்கிவிட்டான் என்றார்கள், போனில் விளையாடியிருப்பான் என்றார்கள். ஏசியதில் நம்முடைய ஊர் ஆட்களும் இருந்தார்கள். வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்களுக்கு அறிவிப்பைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோது என் பேச்சைக் கேட்டு அவனே கிட்ட வந்தான்.

"ஐயா, நீங்க திருகோணமலையா? நான் மூதூர்."

மெல்ல விசாரித்தேன். "ரெண்டு நாளா அந்த வீல் சுத்தாம நிக்குது ஐயா. சொல்லிட்டன். இந்த ஃப்ளைட் போகட்டும், கையால இறக்கு என்டாங்க."

"அப்ப நீ பக்கத்தில நிக்கேல்லையா தம்பி?"

"நின்டன். பக்கத்து கேட்டுக்கும் ஆள் இல்லையென்டு கூப்பிட்டாங்க. போய்த் திரும்பி வாறதுக்குள்ள..."

எழுதிக் கொடுத்தாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினான். வாயால்தான் சொன்னானாம்.

ஆசிரியர் அவர்களே, விமான நிலையத்தின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அடி விழுவது அவனுக்குத்தான்.

என் கதையையும் சொல்ல வேண்டும். 1993இல் நான் பெட்டி ஏற்றும் பெல்ட் வண்டி ஓட்டினேன். அதன் பிரேக் பிடி குறைவு என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு விடியற்காலை வண்டி நிற்காமல் உருண்டு, சரக்குக் கதவின் விளிம்பில் இடித்தது. கட்டைவிரல் அளவு பள்ளம். யாரும் பார்க்கவில்லை. விமானம் புறப்பட அரை மணித்தியாலம் இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். ஊரில் இரண்டு சின்னப் பிள்ளைகள், கட்டி முடியாத வீடு. இறங்கிப் போய்ப் பொறியியலாளரிடம் சொல்லிவிட்டேன். உள்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தார்கள், உள்ளே தாங்கும் சட்டம் ஒன்றில் வெடிப்பு விழுந்திருந்தது. விமானம் மூன்று மணித்தியாலம் பிந்தியது. எனக்கு மூன்று நாள் சம்பளம் வெட்டு, ஓர் எச்சரிக்கைக் கடிதம். வண்டியின் பிரேக்கைத் திருத்த இன்னும் ஒரு வாரம் எடுத்தது. அதற்குப் பிறகு எங்கள் குழுவில் வேறொருவன் இடித்திருந்தால் வாய் திறந்திருப்பானா? சம்பள வெட்டை எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்.

வாய் திறக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2005 டிசெம்பர் 26இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பார்த்தோம். தரையில் ஒரு வண்டி அலாஸ்கா எயார்லைன்ஸ் விமானத்தில் இடித்ததை ஊழியர் யாரிடமும் சொல்லவில்லை. விமானம் மேலே ஏறி 26,000 அடியில் போய்க்கொண்டிருந்தபோது அந்த இடம் பிய்ந்தது. ஓர் அடி நீளம், அரை அடி அகலத்தில் ஓட்டை. உள்ளே காற்றழுத்தம் விழ, ஒட்சிசன் முகமூடிகள் தொங்கின. விமானி கீழே இறக்கிக் கொண்டுவந்து சேர்த்ததால் எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். அந்த ஊழியரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் எதற்குப் பயந்திருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

இலண்டன் ஹீத்ரோவில் 2021 ஜூன் 18இல் பிரிட்டிஷ் எயார்வேஸின் போயிங் 787 ஒன்று, சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோதே மூக்குச் சக்கரம் மடிந்து முகம் குப்புற விழுந்தது. சக்கரக் காலைப் பூட்டும் ஊசியை மெக்கானிக் பக்கத்துத் துளையில் செருகிவிட்டார். 'கவனயீனம்' என்று நாலு வரியில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் அந்த இரண்டாவது துளை ஆட்களை ஏமாற்றக்கூடியது என்பது முன்னரே தெரிந்த விஷயம். அதை அடைக்கும்படி உத்தரவும் வந்திருந்தது. செய்து முடிக்கக் கொடுத்த தவணை இன்னும் முடியாததால் அந்த விமானத்தில் அது செய்யப்படவில்லை. இதெல்லாம் வெளியே வந்தது, விசாரித்தவர்கள் மெக்கானிக்கின் கையோடு நின்றுவிடாமல் அந்தத் துளை ஏன் திறந்திருந்தது என்றும் கேட்டதால்.

ஜப்பானில் ஓகினாவாவின் நாஹா விமான நிலையத்தில் 2007 ஓகஸ்ட் 20இல் சைனா எயார்லைன்ஸ் விமானம் ஓடி வந்து தரிப்பிடத்தில் நின்றதும் தீப்பிடித்தது. 165 பேரும் தப்பினார்கள். இறக்கைக்குள்ளிருந்த ஒரு போல்ட் கழன்று எரிபொருள் தாங்கியைத் துளைத்திருந்தது. பராமரிப்பு வேலையில் ஒரு வோஷர் இல்லாமற்போனதிலிருந்து வந்த வினை அது. அமெரிக்காவின் டென்வரில் 2001 செப்டெம்பர் 5இல் நிறுத்தியிருந்த விமானத்துக்கு எரிபொருள் நிரப்பும்போது இணைப்பு பிய்ந்து தீப்பற்றியது. பயணிகளுக்குக் காயமில்லை. எரிபொருள் நிரப்பிய தொழிலாளி சில நாட்களில் இறந்துபோனார். தரையில் விபத்து நடந்தால் முதலில் எரிவதும் நசிவதும் கீழே நிற்பவன்தான்.

விமான விபத்து விசாரணைக்கு உலகமெல்லாம் பின்பற்றும் விதி, 1944 சிக்காகோ உடன்படிக்கையின் 13ஆவது பின்னிணைப்பில் இருக்கிறது. விசாரணையின் ஒரே நோக்கம் அதே விபத்து மறுபடி நேராமல் தடுப்பது, பழியோ பொறுப்போ சுமத்துவது அல்ல என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனால் நிறுவனத்துக்குள்ளே நடக்கிற விசாரணையில் அந்த வரியை யார் பார்க்கிறார்கள்? அன்றைக்கே ஒரு பெயர் வேண்டும் அவர்களுக்கு.

விமானத்தைப் பின்னால் தள்ளும் ட்ரக்டருக்கும் மூக்குச் சக்கரத்துக்கும் நடுவில் ஓர் இழுவைக் கம்பி பூட்டுவோம். அதில் 'ஷியர் பின்' என்று ஒரு சின்ன ஊசி இருக்கும். தாங்க முடியாத இழுவை வந்தால் அது உடைய வேண்டும் என்றே செய்து வைத்தது. விலை குறைந்த ஊசி உடைந்து, விலை கூடிய சக்கரக் கால் தப்பும். இரும்புக்கு அது நல்ல ஏற்பாடு. மூதூரிலிருந்து கடன்பட்டு, ஏஜென்சிக்குக் காசு கட்டிப் போன பிள்ளையை அந்த ஊசியின் இடத்தில் வைப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் அப்பா, 1957இல் பிரித்தானியர் போகும்வரை இங்கே திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் கூலி வேலை செய்தவர். கப்பியிலோ கயிற்றிலோ பழுது கண்டால் சிவப்புத் துணி கட்டிவிடுவார்களாம். துணி கட்டியதை எந்த வெள்ளைக்கார அதிகாரி அவசரப்படுத்தினாலும் தொடமாட்டார்களாம். அப்பா சின்ன வயதில் எனக்குச் சொன்ன கதைகளில் இதுவும் ஒன்று. பின்னாளில் என் வேலையிடத்திலும் பழுதான வண்டிக்குச் சிவப்பு அட்டை தொங்கவிடும் முறை இருந்தது. விமானங்கள் வரிசையாக வந்து இறங்கும் நேரத்தில், வண்டி போதாது என்றால், அந்த அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைப்பதையும் கண்டிருக்கிறேன்.

கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று இரவு பஸ்ஸில் கட்டுநாயக்கவுக்குப் போகிற எங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இந்த வேலைக்குத்தான் போகிறார்கள். பலாலி 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இங்கே திருகோணமலையில் உள்ள சீனக்குடா விமானத் தளத்திலும் ஒருநாள் பெரிய விமானங்கள் வந்திறங்கும் என்று இங்கே பலரும் ஆசையோடு இருக்கிறோம். வந்தால் அங்கேயும் பாலத்தையும் பெல்ட் வண்டியையும் ஓட்டப்போவது இந்தப் பிள்ளைகள்தான். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் புறப்படுமுன் கொடுக்கும் பயிற்சியில் ஒரு மணித்தியாலம் இதற்கு ஒதுக்க வேண்டும். பழுதைக் கண்டால் வாயால் சொல்லி விடாதே, திகதியும் நேரமும் போட்டு எழுதிக் கொடு, அதன் படத்தை உன் போனில் வைத்துக்கொள் என்று தமிழிலும் சிங்களத்திலும் சொல்லிக் கொடுக்க வேண்டும். பழுதை முன்கூட்டிச் சொன்னவனின் சம்பளத்தில் கை வைக்கக்கூடாது என்று வேலை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

தங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த முறை இப்படியொரு செய்தி வந்தால், 'ஊழியரின் கவனயீனம்' என்று அச்சிடுமுன், அந்த இயந்திரம் பழுது என்று யாராவது ஏற்கெனவே சொல்லியிருந்தார்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் காரணம் விசாரணையில் இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். தங்கள் பத்திரிகை மூதூருக்கும் போகிறது. அவனுடைய தாயும் தகப்பனும் அதை வாசிக்கிறார்கள்.

முந்தாநாள் அவனோடு கதைத்தேன். பாலத்திலிருந்து எடுத்து, பெட்டி பிரிக்கும் இடத்தில் போட்டிருக்கிறார்களாம். ஒன்றரை மாதச் சம்பளம் பிடித்தாயிற்று. பாலம் மறுநாளே வேலைக்கு வந்துவிட்டதாம். வீலை மாற்றினார்களா என்று கேட்டேன். "தெரியா ஐயா, இப்ப என்ன அந்தப் பக்கம் விடுறதில்ல" என்றான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமான நிலையத் தொழிலாளி ஒருவர்,
பாலையூற்று, திருகோணமலை.