எப்போது சூடாகிறது என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கார் இன்ஜின் சூடாகிவிட்டால் வண்டியை ஓரங்கட்டி, உடனே ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. நான் 27 வருடமாக மெக்கானிக் வேலை பார்க்கிறவன். ஓரங்கட்டச் சொன்னது சரி. உடனே தண்ணீர் ஊற்றச் சொன்னதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் நிறம் மாறிக் கிடக்கிறது. தொழில் பழகிய புதிதில், ஆவி வந்துகொண்டிருந்த ஒரு வண்டியில் துணியைச் சுற்றிப் பிடித்து மூடியைத் திருகினேன். அரைச் சுற்றுகூடத் திருகவில்லை. ரேடியேட்டர் மூடி என்பது உண்மையில் ஒரு வால்வு. பெரும்பாலான கார்களில் சுமார் 1 பார் அழுத்தத்தை அது உள்ளே பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, கிட்டத்தட்ட 120 வரை தாங்கும். மூடி தளர்ந்ததும் அழுத்தம் போய்விடும். அதுவரை அடங்கியிருந்த நீர் ஒரே நொடியில் பொங்கி வெளியே அடிக்கும். என் முகம் தப்பியது தலையைத் திருப்பியிருந்ததால்தான்.

அப்படியே மூடி பத்திரமாகத் திறந்துவிட்டாலும், இன்ஜினின் மேல்பகுதியான, கொதிக்கிற அலுமினிய ஹெட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது வளையும், விரிசலும் விடும். அதனால் ஓரங்கட்டப் போகும்போதே ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். காருக்குள் வெந்துபோகும், ஆனால் இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். ஓரங்கட்டியதும் இன்ஜினை நிறுத்திவிட்டு அரை மணி நேரமாவது காத்திருங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை, அதாவது மேலே உள்ள ரப்பர் குழாயை, துணி வைத்து அழுத்திப் பார்த்தால் துவள வேண்டும். கல் மாதிரி இருந்தால் இன்னும் நேரமாகவில்லை. துவண்ட பிறகு, கையில் இருப்பது வெறும் தண்ணீர்தான் என்றாலும் ஊற்றி ஒர்க்‌ஷாப் வரை வந்துவிடலாம். அப்புறம் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டையும் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

சூடானதற்கான காரணத்தைக் கண்டுபிடிப்பது அடுத்த வேலை. வண்டி வந்ததும் நான் ஸ்பானரை எடுப்பதில்லை. எப்போது சூடாகிறது என்று கேட்பேன். நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறதா? ரேடியேட்டர் ஃபேன், அதற்கு மின்சாரம் விடும் ரிலே, ஃபியூஸ் பக்கம் போக வேண்டும். வேகமாக ஓட்டும்போதோ மேடு ஏறும்போதோ மட்டும் சூடாகிறதா? கூலன்ட் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்: ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், சூடேறியதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட். இன்ஜின் நன்றாகச் சூடேறியும் மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று முதலில் சந்தேகப்படுவேன்.

இந்தக் கேள்வியோடு நிற்காமல் சோதித்தும் பார்க்க வேண்டும் என்பதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றேன். ஒரு குடும்பத்தின் கார், நீண்ட தூரம் ஓடினால் மட்டும் சூடாகி, கூலன்ட் வழிந்து சேரும் ரிசர்வ் டேங்க் நிரம்பி வழிந்தது. ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று நானே முடிவுகட்டி ஹெட்டை இறக்கினேன். மூன்று நாள் வேலை. ஒரே வாரத்தில் அதே புகாரோடு வண்டி திரும்பி வந்தது. அப்போதுதான் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ரப்பர் வளையம் காய்ந்து, நகத்தால் தொட்டாலே பொடியாக உதிர்ந்தது. அது அழுத்தத்தைப் பிடிக்கவே இல்லை. அதனால் கூலன்ட் சீக்கிரமே கொதித்து டேங்க்குக்கு ஏறியிருக்கிறது. இருப்பதிலேயே மலிவான பாகம்! ஹெட் வேலைக்கு வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அந்தக் குடும்பத்தின் மூன்று நாளைத் திருப்பித் தர என்னால் முடியவில்லை.

அன்றிலிருந்து பிரஷர் டெஸ்டர் போடாமல் ஹெட்டில் கை வைப்பதில்லை. குளிர்ந்த இன்ஜினில் மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றிவிட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். முள் இறங்கியும் வெளியே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை என்றால் உள்ளே கசிகிறதா என்று தேடலாம். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் விறைப்பதும், டேங்க்கில் குமிழி விடாமல் வருவதும், இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வருவதும் ஹெட் கேஸ்கட்டின் அடையாளங்கள். ஆயில் மூடியின் அடியில் வெண்மையாகப் படிந்திருப்பதை மட்டும் காட்டி ஒருவர் ஹெட்டை இறக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தாலும் அப்படிப் படியும்.

இன்னொன்று, இது ஓட்டுகிறவர்களுக்கு. சிவப்புக்குப் போன மீட்டர் முள் திடீரென்று தானாக இறங்கினால் ஆறிவிட்டது என்று நினைத்து மேலே ஓட்டாதீர்கள். கூலன்ட் வற்றி, சென்சார் அந்தரத்தில் நிற்கும்போதும் முள் அப்படி இறங்கும். அதை நம்பி ஓட்டி, இன்ஜின் இறுகிப்போய் வந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் குறிப்பைப் பலர் வெட்டி எடுத்து டேஷ்போர்டில் வைத்திருப்பார்கள். ஆறும் வரை மூடியைத் திறக்கக் கூடாது என்ற ஒரு வரியையாவது, தயவுசெய்து அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர், ஒரு மெக்கானிக்