சிலம்பப் பயிற்சியில் எதிராளி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்ற சிலம்பம், அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்குரிய 3 சதவீத இடஒதுக்கீட்டிலும் சேர்க்கப்பட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பல சிலம்பக் கூடங்களில் பிள்ளைகள் கற்பது பெரும்பாலும் தனியே நின்று கம்பு சுற்றுவதைத்தான் என்பது, பயிற்சியாளன் என்ற முறையில் எனக்குக் கவலை தருகிறது. மணிக்கணக்கில் கம்பு சுற்றிச் சாதனைச் சான்றிதழ் பெற்ற சிறுவன், எதிரே ஒருவர் கம்புடன் நின்றால் முதல் அடியிலேயே தடுமாறுவதைப் பார்க்கிறோம்.

ஜோடியாகப் பயிற்சி தரும் இடங்களிலும் எந்த அடி எப்போது வரும் என்பது இருவருக்கும் முன்பே தெரியும். ஆசான் எண்ணிக்கை சொல்லச் சொல்ல, அடிப்பவன் தலைக்கு ஒரு சாண் முன்னதாகவே கம்பை நிறுத்திவிடுகிறான். தன் தடுப்பு பிந்தியதா இல்லையா என்பது தடுப்பவனுக்குத் தெரியாமலே போகிறது.

இதை மாற்றப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பஞ்சு சுற்றிய கம்பும் தலைக்கவசமும் கொடுத்து, தோள் அல்லது முழங்காலுக்குக் கீழே என இரண்டே இலக்குகளை அனுமதித்து, எதை எந்த நொடியில் அடிப்பது என்பதை அடிப்பவனிடமே விட்டுவிட வேண்டும். தடுப்பவன் தரையில் சுண்ணாம்பால் போட்ட வட்டத்தைத் தாண்டாமல் தட்டவோ விலகவோ வேண்டும். கம்பின் நுனியையே வெறித்துக்கொண்டிருந்த பிள்ளை, சில நாட்களில் எதிராளியின் தோள் அசைவைக் கவனித்துச் சுவடு, அதாவது காலடி வைப்பு, மாற்றத் தொடங்கிவிடுகிறது. அது கைவந்த பிறகு திருப்பி அடிக்க அனுமதிக்கலாம், இலக்குகளையும் கூட்டலாம்.

1882-இல் டோக்கியோவில் கோடோகன் ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, ஆபத்தான உத்திகளைக் ‘கத்தா’ என்னும் வரிசைப் பயிற்சிக்கு ஒதுக்கி, எஞ்சியவற்றை ‘ராந்தோரி’ என்னும் கட்டற்ற பயிற்சியில் மாணவர்கள் முழு வலுவுடன் பழக வழிசெய்தார். நம் ஆசான்கள் காத்துத் தந்த சுவடுகளும் வீச்சுகளும் அப்படியே இருக்கட்டும். அவற்றோடு எதிராளியும் சேரட்டும் என்பதே என் வேண்டுகோள்.

கண்ணிலும் விரலிலும் அடிபடுமே என்ற பெற்றோரின் அச்சம் முற்றிலும் நியாயமானது. ஆகவே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், வயதுக்கேற்ற பாதுகாப்பு விதிகளை வகுத்து, முகம் மறைக்கும் தலைக்கவசமும் கையுறையும் கிராமப்புறக் கூடங்களுக்கு மானிய விலையில் கிடைக்க ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
சிலம்பப் பயிற்சியாளர் ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்.