பம்பரம் விட்டதற்கு ஒரு பதில்

திருச்சி,
ஞாயிறு மாலை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மொட்டைமாடியில் பேரன்களோடு பம்பரம் விட்டதைப் பார்த்து, "என்னப்பா இது சிறுபிள்ளைத்தனம்" என்று உன் மகன் கேட்டதை இவ்வளவு மனசில் வைத்துக்கொள்ளாதே. சுற்றுகிற பம்பரத்தைச் சாட்டையால் தூக்கி உள்ளங்கையில் ஏந்துவது இந்த 66 வயதிலும் உனக்குக் கைவருகிறதே, அதைக் கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

சிறுபிள்ளைத்தனம் என்றால் என்னவென்று என்னைக் கேள். தம்பி மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் கீழே போய்விட்டது என்று சாப்பிடாமல் மண்டபத்திலிருந்து எழுந்து வந்தேனே, அதுதான். இரண்டு வருடம் அவனோடு பேச்சில்லை. பிள்ளைகள் எவ்வளவோ தேவலை. நாம் காலையில் காய் விட்டால், சாயங்காலம் ஆட்டத்துக்கு ஆள் குறையுதே என்று பழம் விட்டுவிடுவோம். வளர்ந்த பிறகு எனக்குக் காய் மட்டும்தான் ஞாபகம் இருந்திருக்கிறது.

போன மாதம் வேளாங்கண்ணி போயிருந்தோம். பேத்தி கடல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல நீலமே இல்லையே, அங்க மட்டும் எப்படி?" என்றாள். ராத்திரி வரை விடவில்லை. நம் ஊரில் பிறந்த சி.வி. ராமனும் 1921-இல் கப்பலில் திரும்பும்போது கடலைப் பார்த்து இதைத்தான் யோசித்தார். அப்போது அவர் கல்கத்தாவில் பேராசிரியர், வயது 32. வானத்தின் நீலம்தான் கடலில் தெரிகிறது என்று இங்கிலாந்து விஞ்ஞானி ராலே பிரபு ஏற்கெனவே சொல்லியிருந்தார். சரி, பெரியவர் சொல்லிவிட்டார் என்று ராமன் விட்டுவிடவில்லை. ஒளியை வடிகட்டும் சின்னப் படிகத் துண்டு, பட்டகம் என்பார்கள், அதைக் கண்ணில் வைத்து, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை மறைத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை, முன்னைவிட நன்றாகவே தெரிந்தது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று எழுதினார். அந்த வழியில் போய்த்தான், சிதறும் ஒளியில் கொஞ்சம் நிறம் மாறிவிடுகிறது என்று 1928-இல் கண்டுபிடித்தார், அதுதான் ராமன் விளைவு, 1930-இல் நோபல் பரிசு.

பேத்தி பாட்டிலைத் தூக்கி வெயிலில் பிடித்தபோது சுற்றி யார் நிற்கிறார்கள் என்றே அவளுக்குத் தெரியவில்லை. பம்பரம் விடும்போது நீயும் அப்படித்தான் இருந்திருப்பாய். மண்டபத்தில் எனக்கோ அந்த நினைப்பு ஒன்றுதான், நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று.

அப்புறம் ஒரு சேதி. நேற்று தம்பிக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேருக்குமே பேச்சு வரவில்லை. பிறகு அவன், "அண்ணே, முட்டி வலி எப்படி இருக்கு?" என்றான். பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருகிறான். நீயும் வா. பம்பரத்தை மறக்காதே, பேத்திக்குச் சாட்டை சுற்றச் சொல்லிக்கொடுக்க இங்கே ஆள் இல்லை.

அன்புடன்,
சண்முகம்