யூனி மாறப்போகிறேன் என்ற மகனுக்கு

அன்புள்ள தம்பி,

நேற்று இரவு நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தரம் கேட்டேன். முதல் தரம் கேட்கும்போது அப்பாவும் பக்கத்தில் இருந்தார், "அவன் எங்கே இருந்தாலும் படிப்பான்" என்று சொல்லிவிட்டு டோர்ச்சை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். போனில் பதில் சொன்னால் நடுவில் லைன் அறும், நீயும் "சரியம்மா, சரியம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

கனடாவில் இப்போது படிக்கிற யூனியில் மூன்றாம் வருடம் முடியப்போகிறது, இப்போதே ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு மாறினால் பிறகு நிலத்தடி நீர் படிக்க மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பெயர் உதவும்தானே என்று கேட்டாய். என் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். மாறாதே. இருக்கிற இடத்தில் டிகிரியை முடித்துவிட்டு, ரொறன்ரோவுக்கு மாஸ்டர்ஸுக்குப் போ. ஆனால் ஒரே ஒரு காரணம் இருந்தால் என் பதில் மாறும், அதைப் பிறகு கேட்கிறேன்.

போன கிழமை இரண்டு பிள்ளைகளுக்கு நற்சான்றுக் கடிதம் எழுதினேன். ஒருத்தி ஆறாம் வகுப்பிலிருந்து எங்கள் பாடசாலை. ஒருநாள் வழியில் சைக்கிள் சங்கிலி கழன்று, பிந்தி, கையெல்லாம் கிறீஸோடு வந்தாள். பலகையில் பாதியில் நின்ற கணக்கைப் பார்த்தவள் கையைக் கழுவக்கூடப் போகாமல் வெண்கட்டியை எடுத்துச் செய்து முடித்துவிட்டுத்தான் குழாயடிக்குப் போனாள், அந்த வெண்கட்டியில் அவளுடைய விரல் அடையாளம் கறுப்பாக இருந்தது. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம் போதவில்லை. மற்றவன் கடைசித் தவணைக்கு வேறு பாடசாலையிலிருந்து வந்தவன். உண்மையில் அவளைவிடக் கெட்டிக்காரன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அவனைப் பற்றி நான் என்ன எழுதுவது? "நன்னடத்தை உடையவர், பாடங்களில் ஆர்வமுள்ளவர்." அவ்வளவுதான் வந்தது. அவனில் ஒரு குறையும் இல்லை, அவனைப் பார்க்க எனக்குக் காலம் கிடைக்கவில்லை.

மாஸ்டர்ஸுக்கு இரண்டு மூன்று சிபாரிசுக் கடிதம் கேட்பார்கள் என்று நீதானே சொன்னாய். இப்போது உன்னிடம் ஒருவர் இருக்கிறார். உறைந்த ஏரியில் துளை போடும்போது எடுத்த படம், செம்மஞ்சள் ஜக்கெட், புருவத்தில் பனி, உன் கையில் தண்ணீர்ப் போத்தல், பக்கத்தில் குந்தியிருந்து இலக்கம் எழுதும் அந்தப் பேராசிரியை. அந்தப் படத்தை நான் என் பதிவுப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். அவர் உன்னை இரண்டாம் வருடத்திலிருந்து பார்க்கிறார், நீ எடுத்த அளவு பிழைத்தபோது அன்றிரவே திரும்பப் போய் எடுத்ததையும் பார்த்திருக்கிறார். அப்படி எழுதக்கூடிய ஒருவரை விட்டுவிட்டு, முந்நூறு பேர் இருக்கும் மண்டபத்தில் பின்வரிசையில் போய் இருந்து, யாருக்கும் உன் பெயர் தெரிய வரமுன்பே விண்ணப்பம் போடப்போகிறாயா?

இனி நான் உனக்கு ஒருநாளும் சொல்லாத ஒரு கதை.

நான் கணிதம் படித்தது வவுனியாவில் என்பது உனக்குத் தெரியும். 1996 இல் கிளிநொச்சியை விட்டு ஓடி, மல்லாவியில் கொட்டில் வகுப்பில் இருந்து, ஜாம் போத்தல் விளக்கில் படித்து உயர்தரம் எடுத்தேன். வவுனியா கிடைத்தது. அது அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம், 1997 இல்தான் தொடங்கியது, பம்பைமடுவில் இன்று நீ பார்க்கிற கட்டடம் எதுவும் இல்லை. ஊரில் கேட்பவர்களுக்கு "வவுனியா" என்று சொன்னால், "ஓ, கம்பஸா, யாழ்ப்பாணம் கிடைக்கவில்லையா?" என்பார்கள். எனக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தும். இரண்டாம் வருடம் முழுக்க நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிற பெரிய வளாகத்துக்கு மாறப்போகிறேன் என்று கடிதங்களோடு திரிந்தேன். ஒரு அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்துக்குப் போ என்பார்கள், அங்கே போனால் கையெழுத்து இல்லை என்பார்கள். ஏ9 வீதி பூட்டியிருந்த காலம் அது, யாழ்ப்பாணம் போவதென்றால் திருகோணமலைக்குப் போய்க் கப்பல் பார்க்க வேண்டும். கடைசியில் மாற்றம் கிடைக்கவில்லை.

கிடைக்காதது எனக்கு நட்டமில்லை. நட்டம் வேறு. மாறப்போகிறேன் மாறப்போகிறேன் என்று சொன்ன அந்த ஒரு வருடமும் நான் வவுனியாவில் கால் ஊன்றவே இல்லை. மெய்ப்பகுப்புப் பாடத்தின் பயிற்சி வகுப்புகளைத் தவறவிட்டேன், அந்தப் பாடத்தில் வெறும் சித்திதான். ஒரு விரிவுரையாளர் இருந்தார், நல்ல மனிதர், பிள்ளைகளை மாலையில் கூப்பிட்டு மேலதிகமாகக் கணக்குக் கொடுப்பார், அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் பிறகு வெளிநாட்டில் பிஎச்டி முடித்தார்கள். அவர் என்னைக் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிட வேண்டும், நான் போகப் போகிறவள்தானே. டிகிரி முடித்து மேலே படிக்கக் கடிதம் கேட்க யாரிடம் போவது என்று யோசித்தபோது, போவதற்கு ஒருவரும் இருக்கவில்லை. பிறகு ரீச்சர் வேலை, கல்யாணம், நீ. அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, ஆனால் அந்த வருடத்தை இன்றைக்கும் திருப்பிக் கேட்பேன். என் பட்டச் சான்றிதழில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்றுதான் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 1 இலிருந்து அந்த வளாகமும் வவுனியாப் பல்கலைக்கழகம். என்னிடம் படித்த பிள்ளைகள் இப்போது அதற்குத் தெரிவாகி இனிப்புக் கொண்டு வருகிறார்கள்.

சரி, உன் கணக்குக்கு வருவோம். நீ எனக்கு அனுப்பிய விபரங்களை வைத்தே பார்க்கிறேன். படித்த பாடங்களை ஏற்றுக்கொண்டாலும் நீ எடுத்த புள்ளிகள் உன்னோடு வராது, புது இடத்தில் சராசரி வெறுமையிலிருந்து தொடங்கும். பாதிப் பாடங்களையாவது தங்களிடமே படிக்க வேண்டும் என்று பெரிய இடங்களில் கேட்பார்கள், அப்படியென்றால் உனக்கு மிச்சம் ஒரு வருடமல்ல, இரண்டு வருடம். இங்கேயே இருந்தால் இந்த டிசம்பரில் மாஸ்டர்ஸ் விண்ணப்பம் போடலாம். கனடாவில் 2024 நவம்பர் 8 இலிருந்து, வெளிநாட்டு மாணவர் கல்வி நிலையம் மாறுவதென்றால் புதிதாகப் படிப்பு அனுமதி எடுக்க வேண்டும். முதல் அனுமதிக்கு நாங்கள் காத்திருந்த மாதங்களை மறந்துவிட்டாயா, நான் மறக்கவில்லை. அது மறுபடி வந்து சேரும் வரைக்கும் உனக்கும் நித்திரை இல்லை, எங்களுக்கும் இல்லை.

பணத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, நான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆயிரம் கனடா டொலர் என்றால் இன்றைக்கு 2 இலட்சம் ரூபாவுக்கு மேல். 2025 இல் அரசாங்கம் அறிவித்த விலையில் நாட்டு நெல் கிலோ 120 ரூபா, அந்தப்படி பார்த்தால் 1,600 கிலோவுக்கு மேல், அதாவது அப்பாவின் வயலில் காலபோக நெல் ஒரு ஏக்கர் விளைச்சல். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் எங்கள் கீழ்வயல் எத்தனை நாள் தண்ணீருக்குள் நின்றது என்று படம் அனுப்பினேன்தானே. உனக்காக விற்கமாட்டோம் என்று நான் சொல்லவில்லை, தேவை என்றால் இரண்டு ஏக்கரையும் விற்போம், அப்பா ஒரு சொல் பேசமாட்டார். ஒரு பெயருக்காக விற்பதுதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. அதுவும் ஆராய்ச்சி மாஸ்டர்ஸ் என்றால் அங்கே பெரும்பாலும் உதவித்தொகை கொடுத்துத்தானே எடுப்பார்கள். ஒரு வருடம் பொறுத்தால் அவர்கள் உனக்குத் தருவார்கள், இப்போதே போனால் நீ அவர்களுக்குக் கட்ட வேண்டும்.

அப்பா சிறுபோக விதைப்புக் கூட்டத்துக்குப் போய்வந்து சொல்வாரே, நினைவிருக்கிறதா. இரணைமடுக் குளம் நிரம்பினால் 36 அடி, ஆனால் நிரம்பிய வருடத்தைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை, இன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துத்தான் இத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். கூட விதைத்துவிட்டுக் கதிர் வரும் நேரம் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களை நீயே கண்டிருக்கிறாய். உனக்கு இருப்பது ஒரு வருடத் தண்ணீர், தம்பி.

பெரிய இடத்துக்கு முதல் பட்டத்திலேயே போயிருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. துரைராசா சேர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டுத்தான் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் எடுத்தார், பிறகு வந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக இருந்தார். உன் கனடாவிலேயே பார், 2019 இல் பௌதிகவியலுக்கு நோபல் பரிசு எடுத்த ஜேம்ஸ் பீபிள்ஸ் முதல் பட்டம் படித்தது மனிற்றோபாவில், அதற்குப் பிறகுதான் பிரின்ஸ்டன்.

பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தில் நடந்ததை நீ சொல்லவில்லை, பெரியம்மாதான் சொன்னா. ரொறன்ரோவில் ஸ்காபரோ மண்டபத்தில் ஒருவர் "எந்த யூனி தம்பி?" என்று கேட்டு, நீ பெயரைச் சொன்னவுடன் "அது எங்கே இருக்கு?" என்று கேட்டுவிட்டு மற்றப் பக்கம் திரும்பினாராம். நீ அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லையாம். எனக்கு அதைக் கேட்டு இரவு முழுக்க மனம் சரியில்லை. இந்தப் பார்வை எங்களுக்குப் புதிதில்லை, தம்பி. இங்கே விஞ்ஞானப் பாடநெறிகளுக்கு 40 வீதம் முழு நாட்டுத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டக் கணக்குக்கு, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அந்த ஐந்துக்குள். எங்கள் பிள்ளைகள் எங்கே போனாலும் "குறைந்த வெட்டுப்புள்ளியில் வந்தவர்கள்" என்று ஒரு பேச்சு இருக்கும், மரத்தடியில் படித்து வந்தவர்கள் என்று யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நீ ஐந்து வயதில் மெனிக்பாம் அகதி முகாமில் கூடாரத்துக்குள் மண்ணில் அரிச்சுவடி எழுதியவன். அந்தக் கல்யாண மண்டபத்து மனிதருக்காக ஒரு வருடத்தைக் கொடுக்காதே.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன், உண்மையைச் சொல்லு. அங்கே உனக்குத் தனிமையாக இருக்கிறதா?

குரல் பதிவில் நீ பெயரைப் பற்றியும் வாய்ப்பைப் பற்றியும் நாலு நிமிடம் பேசினாய், கடைசியில் "இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும் அம்மா, ஞாயிற்றுக்கிழமையில் யாரோடும் ஒரு வார்த்தை தமிழ் பேசாமலே படுத்துவிடுவேன்" என்று ஒரு வரி சொன்னாய். மூன்றாம் தரம் கேட்கும்போதுதான் அது எனக்குப் பட்டது. நீ மாற நினைப்பது அதற்காக என்றால், அதை வாய்ப்பு என்றும் பெயர் என்றும் மறைத்துச் சொல்ல வேண்டாம். ஆட்கள் இல்லாமல் ஒரு பிள்ளை இருக்க முடியாமல் போவது வெட்கப்படுகிற விஷயம் இல்லை, அதற்காக நீ ஸ்காபரோவுக்கு வருவதென்றால் நான் மேலே எழுதியதெல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு லோன் எடுப்பேன். ஆனால் அதற்கு முதல் வேறு வழியும் பார்ப்போம். தவணை விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டில் போய் நில், பஸ் காசு நான் போடுகிறேன். அங்கே இருக்கிற மூன்று தமிழ்ப் பிள்ளைகளில் ஒருவன் முல்லைத்தீவுப் பக்கம் முள்ளியவளை என்றாய், அவனை ஒரு ஞாயிறு சமைக்கக் கூப்பிடு.

இன்னொன்று. அடுத்த கிழமை அந்தப் பேராசிரியையிடம் போய் நேராகவே கேள், நிலத்தடி நீர் படிக்க ரொறன்ரோவில் யார் நல்லவர், அவரிடம் மாஸ்டர்ஸுக்குப் போக நான் இந்த வருடம் என்ன செய்ய வேண்டும் என்று. அவர் "உனக்குத் தேவையான பாடம் இங்கே இல்லை, நீ இப்போதே போ" என்று சொன்னால் எனக்கு எழுது, நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன். உன் துறை எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

ஞாயிறு இங்கே காலை ஏழு மணிக்கு எடு, பாடசாலை இல்லை, நிறைய நேரம் பேசலாம்.

அப்பா சொல்லச் சொன்னார்: நீ கட்டிக் கொடுத்த முடிச்சுக் கயிற்றால் மாதம் முதலாம் திகதி கிணறு அளப்பதை அவர் விடவில்லை, கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். இந்த மாதம் கிணற்றுக் கட்டின் விளிம்பிலிருந்து தண்ணீருக்கு 6 அடி 4 அங்குலம். போன வருடம் இதே நாளில் 7 அடி 1 அங்குலம். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று உன்னிடம் கேட்கட்டாம்.

அன்புடன்,
அம்மா
கிளிநொச்சி