ஆசிரியர் ஆகும் வழியை வாசலிலேயே சொல்லுங்கள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியை
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
உயர்திரு அரசு முதன்மைச் செயலாளர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: ஆசிரியர் தகுதித் தேர்வை ஆண்டுதோறும் குறித்த மாதத்தில் நடத்துவது, ஆசிரியர் ஆவதற்கான தகுதிகளைப் பிளஸ் டூ மாணவர்களுக்கே தமிழில் தெரிவிப்பது, பட்டங்களின் இணைத்தன்மையை (ஒரு பட்டம் ஆசிரியர் பணிக்குக் கேட்கும் பட்டத்துக்குச் சமம் என்பதை) சேர்க்கையின்போதே உறுதி செய்வது – கோருதல் சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் இடைநிலை ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு சனிக்கிழமை மாலைகளில் கிளை நூலகத்தில் உட்கார்ந்து, தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு என்னால் முடிந்ததைச் சொல்லிக் கொடுக்கிறேன். பாடத்தில் சந்தேகம் கேட்டு வருபவர்களைவிட, "டீச்சர், நான் படிச்சது செல்லுமா?" என்று சான்றிதழ்க் கோப்போடு வருபவர்கள்தான் அதிகம். அந்தக் கேள்விதான் இந்த மனுவை எழுத வைத்தது.

எங்கள் காலத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்தோம், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தோம், பதிவு மூப்புப்படி கூப்பிடும்வரை காத்திருந்தோம். காத்திருப்பு நீளம்தான். ஆனால் எந்த வரிசையில் நிற்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் குறைந்தபட்சத் தகுதிகளை அறிவித்த பிறகு வழி மாறியது. அந்த மாற்றம் சரியானது என்றே நினைக்கிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கப் போகிறவர் குழந்தையின் மனம் எப்படி வளர்கிறது என்று படித்துத் தேறியிருக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

என் ஆதங்கம் வேறு. வழியில் எத்தனை கதவுகள் இருக்கின்றன, எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்பதை நுழையும்போது யாரும் சொல்வதில்லை. ஐந்தாறு வருடம் படித்து முடித்த பிறகுதான் சொல்கிறோம்.

நூலகத்தில் நான் அடிக்கடி வெள்ளைத்தாளில் எழுதிக் காட்டுவதை இங்கேயும் எழுதுகிறேன். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை இடைநிலை ஆசிரியர். அதற்குப் பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருடத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு, அப்புறம் தகுதித் தேர்வில் முதல் தாள். ஆறாம் வகுப்பிலிருந்து பட்டதாரி ஆசிரியர். அதற்குப் பள்ளிப் பாடம் ஒன்றில் பட்டம், பி.எட்., தகுதித் தேர்வில் இரண்டாம் தாள். மேல்நிலை வகுப்புகளுக்கு முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். அங்கே தகுதித் தேர்வு இல்லை, ஆசிரியர் தேர்வு வாரியம் தனியாகப் போட்டித் தேர்வு நடத்துகிறது. அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் இதைப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே கேட்டறிந்த ஒருவரை நான் நூலகத்தில் இன்னும் சந்திக்கவில்லை.

பி.எட். முடித்துவிட்டுத் தொடக்கப் பள்ளிக்குப் போகலாம் என்று நம்பியிருந்தவர்கள் பலர். அவர்கள் மேலும் தவறில்லை. 2018 ஜூன் மாதம் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமே அதற்கு அனுமதி தந்தது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்று சொல்லிவிட்டது. சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சி வேறு என்ற அந்தத் தீர்ப்பின் நியாயம், முப்பது வருடம் ஒன்றாம் வகுப்பில் நின்ற எனக்குப் புரிகிறது. ஆனால் தீர்ப்பு வந்த செய்தி, முதல் தாளுக்கான புத்தகத்தை வாங்கி அட்டை போட்டு வைத்திருந்த பெண்ணுக்கு எட்டு மாதம் கழித்து நான் சொல்லித்தான் தெரிந்தது. அந்த எட்டு மாதமும் அவள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படித்திருக்கிறாள்.

இன்னொருவர் 2013 தேர்வில் தேறியவர். சான்றிதழ் ஏழு வருடம்தான் செல்லும் என்று அதில் இருந்ததால், 2020 முடிந்ததும் அதைப் பழைய ரசீதுகளோடு ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் போட்டுவிட்டார். 2021 ஜூனில் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்றும், 2011 முதல் தேறியவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும் என்றும் ஒன்றிய அரசு அறிவித்தது அவருக்குத் தெரியாது. என்னிடம் வந்தது மறுபடி தேர்வு எழுதுவது எப்படி என்று கேட்கத்தான். நான் சொன்னதும் உடனே வீட்டுக்குப் போய் அந்தப் பையை எடுத்து வந்தார். மேசையில் வைத்துப் பிரித்தபோது சான்றிதழின் மூலை கரையான் அரித்திருந்தது. எண்ணும் பெயரும் தப்பியிருந்தன. அவர் அழுதுவிட்டார்.

என் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். என் மகளின் பட்டச் சான்றிதழில் பாடத்தின் பெயருக்கு முன்னால் ஒரு சொல் கூடுதலாக இருக்கிறது. அவ்வளவுதான். பாடத்திட்டத்தைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. அந்தப் பட்டத்தை வைத்துத்தான் பி.எட். சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பட்டத்தை வைத்துத்தான் 2017இல் இரண்டாம் தாள் எழுதித் தேறினாள். கடைசியில் ஓர் உதவி பெறும் பள்ளியில் வேலை கைக்கு எட்டும் நேரத்தில், சான்றிதழ் சரிபார்த்தவர் அந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இதுக்கு இணைத்தன்மை அரசாணை இருக்காம்மா?" என்று கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை. அவரும் விதிப்படிதான் கேட்டார். நாங்கள் அந்த வார்த்தையையே அன்றுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டோம். படித்த கல்லூரிக்குப் போனோம், பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வேறு அலுவலகம். பதினான்கு மாதம் கழித்து ஆணை கையில் வந்தது. பணியிடம் அதற்குள் நிரம்பிவிட்டது. பதினேழு வயதில் அந்தக் கல்லூரி வாசலில் யாராவது ஒருவர் "இந்தப் பட்டத்தோடு ஆசிரியர் ஆக விரும்பினால் இணைத்தன்மை பார்க்க வேண்டும்" என்று சொல்லியிருந்தால் பக்கத்து அறையில் இருந்த இன்னொரு பட்டத்தில் சேர்ந்திருப்பாள்.

தமிழ்வழிச் சான்று வேறொரு முடிச்சு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் உள்ள 20 விழுக்காடு ஒதுக்கீடு பெரிய வரம். ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததாக, படித்த ஒவ்வொரு நிறுவனத்திடமும் சான்று வாங்க வேண்டும். இடையில் இழுத்து மூடப்பட்ட பள்ளியில் மூன்று வகுப்பு படித்தவர் யாரிடம் போய் நிற்பார்? அந்தப் பள்ளியின் பதிவேடுகள் எங்கே இருக்கும் என்று அறிவிக்கையிலேயே ஒரு வரி இருந்தால் அவருடைய பல நாள் அலைச்சல் மிச்சமாகும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தகுதித் தேர்வுக்கான வழிகாட்டு நெறிகளைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2011 பிப்ரவரியில் வெளியிட்டது. ஆண்டுக்கு ஒரு முறையாவது தேர்வு நடத்த வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. நம் மாநிலத்தில் முதல் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது, தேறியவர்கள் மிகக் குறைவு என்பதால் அக்டோபரில் மறுதேர்வு. பிறகு 2013 ஆகஸ்ட். அடுத்த பொதுத் தேர்வு 2017 ஏப்ரலில்தான். அதன் பின் 2019 ஜூன். பிறகு 2022 அக்டோபரில் முதல் தாள், அதன் இரண்டாம் தாள் 2023 பிப்ரவரியில். அடுத்தது 2025 நவம்பர். இடைவெளிகளுக்கு நீதிமன்ற வழக்குகள், கொரோனா என்று காரணங்கள் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 2013 தேர்வு முடிந்த பிறகு பயிற்சி முடித்து வெளியே வந்தவரின் நிலையை நினைத்துப் பாருங்கள், ஐயா. அவர் தோற்கவே இல்லை. தோற்பதற்குக்கூட அவருக்குத் தேர்வு கிடைக்கவில்லை. மூன்றரை வருடம் சும்மா கழிந்தது. பெண் பிள்ளைகளுக்கு அந்த மூன்றரை வருடத்தில் கல்யாணம் ஆகிறது, குழந்தை பிறக்கிறது, படித்தது மறக்கிறது. 2019 தேர்வுக்குத் துணைக்குப் போயிருந்தபோது, ஒரு பாட்டி கைக்குழந்தையோடு தேர்வு மையத்தின் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே எழுதிக்கொண்டிருந்த மருமகள் தேர்வு முடிந்ததும் ஓடி வந்து, விரலில் ஒட்டிய கறுப்பு மையோடு அந்தக் குழந்தையை வாங்கினாள். குழந்தைக்கு ஐந்து மாதம் இருக்கும். பயிற்சி முடித்த வருடமே தேர்வு இருந்திருந்தால் அவள் கல்யாணத்துக்கு முன்பே எழுதியிருப்பாள்.

தேர்வு கடினம் என்று நான் குறை சொல்லவில்லை. 150 கேள்வி, 150 மதிப்பெண், தப்பான விடைக்குக் கழிவு இல்லை. குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் பகுதிக்கு 30 மதிப்பெண். பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பெர்க் என்று உளவியல் அறிஞர்களின் பெயர்களை மனப்பாடமாக ஒப்பிப்பவர்களிடம், "உன் தம்பி நாலு வயதில் என்னென்ன பேசினான்?" என்று கேட்டுத்தான் நான் தொடங்குவேன். ஒழுங்காகப் படித்தால் தேறலாம். அடுத்த தேர்வு எந்த மாதம் என்று தெரிந்தால் ஒழுங்காகப் படிக்கலாம்.

தேறியதும் வேலை என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2018 ஜூலை 20ஆம் நாளிட்ட அரசாணை 149இன்படி தகுதித் தேர்வுக்குப் பின் தனியாக நியமனத் தேர்வு உண்டு. அந்தத் தேர்வில் பின்னாளில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாளும் சேர்ந்தது. இதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் அதற்கேற்பத் தயாராவார்கள்.

இப்போது வரிசையில் இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் உள்ள பணியில் இருக்கும் ஆசிரியர்களும் இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும். என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்த தங்கை ஒருத்திக்கு ஐம்பது வயது. பள்ளி முடிந்ததும் நூலகத்துக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாதிரி வினாத்தாள் போடுகிறாள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணும் அவளும் ஒரே பெஞ்சில். இருவருக்கும் தேர்வு நாள் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் ஆண்டுத் திட்டத்தில் தகுதித் தேர்வுக்கு ஒரு மாதத்தை நிரந்தரமாக ஒதுக்குங்கள். பணியிடம் காலியாக இருக்கிறதா என்பதோடு அதைச் சேர்த்துக் கட்ட வேண்டாம், தகுதித் தேர்வு தகுதிக்கானது. வழக்கு ஏதும் வந்து தள்ளிப்போனால் எத்தனை வாரம் தள்ளிப்போகும் என்பதையும் அறிவியுங்கள்.

ஆசிரியர் ஆவதற்கான வழியை எளிய தமிழில் பதினாறு பக்கச் சிறு புத்தகமாக அச்சிட்டு, பிளஸ் டூ பொதுத் தேர்வு முடியும் நாளிலேயே பள்ளிகளில் கொடுங்கள். விதி மாறும்போதெல்லாம் புதுப் பதிப்பு வரட்டும். பட்டயப் படிப்பிலும் பி.எட்.டிலும் சேருகிற முதல் நாள் இன்னொரு முறை கொடுக்கலாம்.

இதுவரை வந்த இணைத்தன்மை அரசாணைகளை எல்லாம் பட்டத்தின் பெயர்வாரியாக ஒரே இடத்தில் தமிழில் தொகுத்து வெளியிட வேண்டும். உயர்கல்வித் துறையோடு பேசி, இணைத்தன்மை முடிவாகாத பட்டம் எதுவானாலும் அதைக் கல்லூரியின் சேர்க்கை விண்ணப்பத்திலேயே குறிப்பிடச் செய்யுங்கள். ஏற்கெனவே படித்து முடித்தவர்கள் விண்ணப்பித்தால் 60 நாளுக்குள் பதில் கிடைக்க வேண்டும். மூடப்பட்ட பள்ளிகளின் தமிழ்வழிச் சான்றை எந்த அலுவலர் தருவார் என்பதும் அறிவிக்கையிலேயே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் வாரத்தில் ஒரு நாள், ஒரு மேசை, ஒரு நாற்காலி போட்டு, வருகிறவர்களின் சான்றிதழைப் பார்த்து "உனக்கு இது செல்லும், இது செல்லாது, இதை இப்போதே சரிசெய்" என்று சொல்ல ஒருவரை உட்கார வையுங்கள். ஆள் போதவில்லை என்றால், என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் மாவட்டந்தோறும் இருக்கிறோம். சம்பளம் வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் அந்த நாற்காலியில் உட்கார நான் தயார் என்பதை இந்த மனுவின் வழியாகவே தெரிவித்துக்கொள்கிறேன்.

நூலகத்துக்கு வரும் 23 பேர் தங்கள் சான்றிதழ்களில் உள்ள சிக்கலைத் தங்கள் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்ட தாள்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து அவற்றைப் படித்துப் பார்த்து, எடுக்கும் நடவடிக்கையை எனக்கு எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியை

இணைப்பு: கையொப்பமிட்ட தாள்கள் – 23, மகளின் இணைத்தன்மை ஆணை நகல் – 1