'ஆசிய ஜோதி' மௌனப்படத் திரையிடல்: இன்னும் 1,415 யூரோ தேவை

மியூனிக் உறவுகளுக்கு விழாக் குழுவின் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். அரங்க வாடகை பாக்கியை அக்டோபர் 15க்குள் கட்ட வேண்டும். தவறினால் தேதியும் போகும், கட்டிய முன்பணம் 500 யூரோவும் போகும். ஆயிரம் யூரோ தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனம் சென்ற வாரம் கையை விரித்துவிட்டது.

எட்வின் ஆர்னால்டின் புத்தர் காவியத்தைக் கவிமணி 'ஆசிய ஜோதி'யாகத் தமிழில் தந்தார். நம் பெரியவர்களில் பலர் பள்ளியில் அதை மனப்பாடம் செய்தவர்கள். அதே காவியம் 1925இல் இந்த ஊர் எமெல்கா திரைப்பட நிறுவனத்தின் கூட்டுறவில் படமானது என்பது இங்கே இருபது வருடம் இருப்பவர்களுக்கே தெரியவில்லை. ஹிமான்சு ராய் என்ற வங்காள இளைஞர் மியூனிக்குக்கு வந்து ஒப்பந்தம் பேசினார். இயக்குநர், கேமராக்காரர்கள், கருவிகள் ஜெர்மனியிலிருந்து. நடிகர்களும் பணமும் இந்தியாவிலிருந்து. மியூனிக்காரரான ஃபிரான்ஸ் ஆஸ்டன் இயக்க, ராயே புத்தராக நடித்தார். ஸ்டூடியோ செட் இல்லை, செயற்கை விளக்கு இல்லை, ஒப்பனை இல்லை என்று படத்திலேயே பெருமையாக எழுதிப் போடுகிறார்கள். யானைகள் ஜெய்ப்பூர் மகாராஜா கொடுத்தவை. கேமரா பிடித்தவர்களில் ஒருவரான ஜோசப் விர்ஷிங்தான் பிற்காலத்தில் 'பாக்கீசா' இந்திப் படத்துக்கும் ஒளிப்பதிவாளர். (இதைச் சொன்னதும் குழுக் கூட்டத்தில் ஒரு ஐயா பாடவே தொடங்கிவிட்டார்.)

சரி, கணக்கு. அரங்கம் 1,450. படப்பிரதியும் உரிமையும் 700. வீணை, வயலின், மிருதங்கம், பியானோ என நேரடியாக வாசிக்க நான்கு கலைஞர்களுக்கு 1,200. மௌனப்படத்தில் வசனத்துக்குப் பதிலாக நடுநடுவே வரும் ஜெர்மன் எழுத்தட்டைகளைத் தமிழில் தரும் சிறு புத்தகம் 250. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிமார் பேரக்குழந்தையைக் கேட்டுக்கேட்டுப் படம் பார்க்க வேண்டாம் அல்லவா? ஆக 3,600. வந்தது 2,185.

அந்த 2,185ஐத் தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! ஓய்வூதியத்திலிருந்து 200 கொடுத்த அம்மா. இரவில் உணவு கொண்டுகொடுக்கும் வேலை பார்த்து 25 கொடுத்த மாணவத் தம்பி. பொங்கல் விழாவில் இட்லி விற்ற காசை அப்படியே தந்த மூன்று சகோதரிகள். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி 500 கொடுத்த அன்பர். புத்தர் பெருமான் அருள் உங்கள் குடும்பங்களுக்கு என்றும் துணையிருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம், கோபிக்க வேண்டாம். சென்ற விழாவின் இலவசச் சாப்பாட்டுக்கு 140 பேர் வந்தோம். உண்டியலில் விழுந்தது 212 யூரோ. அப்புறம் பாயசம் தீர்ந்துவிட்டது என்று குறைப்பட்டவர்களும் உண்டு. துறவியாகிப் பிச்சை எடுத்த அரசகுமாரன் கதைக்குத்தான் இப்போது கை நீட்டுகிறோம். குடும்பத்துக்கு 20 யூரோ என்றால்கூட 71 குடும்பங்கள் போதும்.

ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்ததும் பொருளாளர் வாசலிலேயே இருப்பார். கையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அக்டோபர் 12தான் கடைசி ஞாயிறு.